பழைய ஒர்க்ஸ்டேஷனுக்குப் புதிய கார்டு

"மாமா, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு 280 வெள்ளிதான். ராத்திரி 12 மணிக்கு மேல விலை ஏறிடுமாம். வாங்கிடட்டுமா?"

அக்காள் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. சுங்கை லாலாங்கில் என் வீட்டுக்கு அடுத்த தாமானில்தான் அவர்கள் வீடு. "எதையும் அழுத்தாதேம்மா, வந்துகிட்டே இருக்கேன்" என்று பதில் போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். அவள் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடிட்டிங் செய்கிறாள். இரண்டு கல்யாணங்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. அத்தான் லோரி ஓட்டிச் சேர்த்த காசில் போன வருடம் வாங்கிக் கொடுத்தது ஓர் எச்பி இசட்420 ஒர்க்ஸ்டேஷன். ஒர்க்ஸ்டேஷன் என்றால் பொறியாளர்களும் வடிவமைப்பாளர்களும் நாள் முழுக்க ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட கனமான மேசைக் கணினி. பழைய சாமான் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும். நான் திறந்து பார்த்தவற்றில் சிலவற்றின் பக்கவாட்டில் ஏதோ ஒரு தொழிற்சாலையின் சொத்து எண் இன்னும் ஒட்டியிருக்கும். பாயான் லெப்பாசுக்கும் கூலிமுக்கும் ஃபேக்டரி பஸ் ஏறிப் போன தலைமுறை நம்முடையது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் இன்று இன்டெல் சிப் உள்ள பழைய பெட்டியை வாங்கி எடிட்டிங் செய்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.

பெட்டி நல்ல பெட்டிதான். இசட்420 வந்தது 2012இல். அதிலிருந்த சியோன் இ5-1620 பிராசசர் இன்றும் வேலைக்கு ஆகும். ஆனால் உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்டு குவாட்ரோ 600. அது 2010இல் வந்தது, நினைவகம் 1 ஜிபி. ஃபோர்கே வீடியோவை டைம்லைனில் போட்டால் படம் நின்று நின்று ஓடுகிறது. மணமகன் தாலியைக் கையில் எடுப்பது தெரிகிறது, அடுத்து மணமகள் கழுத்தில் தாலி இருக்கிறது, நடுவில் கட்டியதைக் காணோம். இதை வைத்து எப்படி வெட்டி ஒட்டுவது?

அவள் பார்த்து வைத்திருந்தது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. நல்ல கார்டு. அவள் தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வியும் எல்லாரும் கேட்பதுதான்: இந்தக் காசுக்கு எது பெரிய கார்டு? பழைய கணினி என்று வரும்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். இந்தப் பெட்டி எதைத் தாங்கும்? கார்டின் விளம்பரத்தில் இதற்குப் பதில் இருக்காது. மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்தோம். முதலில் வெளியே வந்தது ஒரு பல்லி. (ஜெராய் மலையடிவாரத்துக் கணினி எதைத் திறந்தாலும் பல்லியோ எறும்புக் கூட்டமோ இருக்கும் என்பது என் அனுபவம். பின்பக்கத்தில் கார்டு இல்லாத ஓட்டைகளை மூடும் தகரத்தைத் தொலைக்காதீர்கள், அது சும்மா வைத்ததல்ல.)

நான் முதலில் பார்த்தது பவர் சப்ளையின் பக்கவாட்டிலுள்ள தாளை. இசட்420 400 வாட், 600 வாட் என இரண்டு விதமாக வந்தது. இவளுடையது 400.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டோம். பிராசசருக்கு 130 வாட். ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட். அதுவே 315. மெமரி, இரண்டு ஹார்ட் டிஸ்க், விசிறிகள், யுஎஸ்பியில் தொங்கும் சாமான்கள் எல்லாம் மிச்சத்தில்தான் ஓட வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பவர் சப்ளையை அதன் எல்லைவரை இழுத்தால், எடிட் செய்துகொண்டிருக்கும்போது திடீரென்று அணைந்துவிடும். சேமிக்காத வேலை போச்சு. இன்னொன்று, ஆர்எக்ஸ் 580க்கு 8 பின் மின் கேபிள் வேண்டும். உள்ளே தேடினோம். இல்லை.

"அப்ப பெரிய பவர் சப்ளை வாங்கி மாத்திடலாமே மாமா?" என்றாள். கடையில் கூட்டிச் செய்யும் சாதாரணக் கணினி என்றால் செய்யலாம். இந்த மாதிரி நிறுவனப் பெட்டிகளில் பவர் சப்ளையின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் அந்த மாடலுக்கென்றே செய்தவை. கடையில் தொங்கும் பவர் சப்ளை இதில் உட்காராது. அதே மாடலின் 600 வாட் பவர் சப்ளை பழையதாகக் கிடைத்தால் சரி, அதற்கும் தனியாகக் காசு. 280 வெள்ளி கார்டு 500 வெள்ளி ஆவது இப்படித்தான்.

இன்னொரு வழியை இணையக் கடைகள் பத்து வெள்ளிக்கு விற்கும்: ஒரு பக்கம் சாட்டா மின் முனை, மறுபக்கம் கார்டுக்கான 6 பின் முனை உள்ள சின்ன கேபிள். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானே செய்த முட்டாள்தனம் இது. சில வருடங்களுக்கு முன் வேறொரு பழைய கணினியில் இந்தக் கேபிளைப் போட்டு ஒரு கார்டை ஓட்டினேன். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் அறையில் பிளாஸ்டிக் தீயும் வாடை. திறந்தால், சாட்டா முனை உருகி ஒட்டிப் போயிருந்தது. வீட்டில் ஆள் இருந்ததால் தப்பித்தோம். பிறகுதான் கணக்கைப் பார்த்தேன். சாட்டா மின் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள். ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் முனை வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 54 தாங்கும் முனையில் 75ஐ இழுத்தால் உருகாமல் என்ன செய்யும்? அந்தக் கேபிள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஆகவே அவளுக்கு வேண்டியது, தனி மின் கேபிளே கேட்காத கார்டு. இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு உட்காரும் நீளமான ஸ்லாட், எக்ஸ்16 என்பார்கள், அது தானே 75 வாட் வரை கொடுக்கும். கார்டு முழுவதும் அந்த 75க்குள் முடிந்துவிட்டால் வேறு கேபிள் வேண்டாம். குட்டை ஸ்லாட்டுகளுக்கு இந்த 75 கிடையாது. எக்ஸ்4, எக்ஸ்8 ஸ்லாட்டுகளுக்கு விதிப்படி 25 வாட்தான். "உள்ளே போகுது, அதனால் ஓடும்" என்ற நம்பிக்கையில் கார்டை எந்த ஸ்லாட்டிலும் செருகாதீர்கள்.

ஸ்லாட் விஷயத்தில் எல்லாரும் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. ஸ்லாட்டின் நீளமும் அதற்குள் ஓடும் தடங்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. நான்கு வழிச் சாலை மாதிரி அகலமாக வெட்டியிருப்பார்கள், தார் போட்டது ஒரு வழிக்குத்தான். எட்டுத் தட நீளமுள்ள ஸ்லாட்டில் நான்கு தடங்களுக்கு மட்டும் கம்பி இருப்பது ஒர்க்ஸ்டேஷன்களில் சகஜம். மதர்போர்டில் ஸ்லாட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அல்லது எச்பி ஒவ்வொரு மாடலுக்கும் வெளியிடும் குவிக்ஸ்பெக்ஸ் என்ற ஆவணத்தில் ஸ்லாட் வாரியாக இருக்கும். மாடல் பெயரோடு தேடினால் இலவசமாகவே கிடைக்கும். கார்டு வாங்க ஒரு மணி நேரம் விலை பார்க்கிறவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

தலைமுறையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் 2003இலிருந்து தலைமுறை தலைமுறையாக வேகம் கூடி வந்தாலும், புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் பழைய வேகத்தில் ஓடும். பதினாறு தடம் பயன்படுத்தும் கார்டுக்கு அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 6400 மாதிரி நான்கே தடம் பயன்படுத்தும் கார்டுகளில்தான் தெரியும். அந்த 6400ஐ மின்சாரக் கணக்கு மட்டும் பார்த்து நானும் ஒரு நிமிடம் யோசித்தேன், 53 வாட்தானே என்று. ஆனால் அதில் வீடியோவை என்கோடு செய்யும் பகுதியே இல்லை. எடிட்டிங் செய்து பிழைக்கும் பெண்ணுக்கு அந்தக் கார்டு எதற்கு? ஜிடி 1030 கதையும் அதேதான்: 30 வாட்தான், ஆனால் என்கோடர் இல்லை. அதிலும் மெதுவான மெமரி போட்ட இன்னொரு வகை அதே பெயரில் விற்கப்பட்டது. இன்டெல் ஆர்க் கார்டுகள் வீடியோவுக்கு நல்லவை. ஆனால் ஆர்க் ஏ வரிசைக்குப் பத்தாம் தலைமுறை கோர் பிராசசராவது வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. நம் பெட்டி அதற்குப் பல வருடம் மூத்தது.

மிஞ்சியவை இரண்டு மூன்றுதான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாட், மலிவு. ஆனால் அது பாஸ்கல் தலைமுறை. என்விடியா 2025இல் அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவர்கள் விடுவதை நிறுத்திவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அடுத்தது ஜிடிஎக்ஸ் 1650. இதுவும் 75 வாட், 4 ஜிபி, 2019இல் வந்தது, ஒரு தலைமுறை புதியது, என்கோடர் உண்டு. மூன்றாவதாக, ஒர்க்ஸ்டேஷனுக்கென்றே வந்த டி600, டி1000. முதலாவது 40 வாட், இரண்டாவது 50. சின்னவை, சத்தம் குறைவு, மெல்லிய பெட்டிக்குள்ளும் போகும். ஆனால் அவற்றில் மினி டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான். எச்டிஎம்ஐ திரை வைத்திருப்பவர்கள் மாற்றி ஒன்று வாங்க வேண்டும். பழையதாக வாங்கும்போது கார்டின் ஓரத்திலுள்ள தகரப் பட்டை குட்டையா நெட்டையா என்று கேட்டுவிடுங்கள். மெல்லிய பெட்டியிலிருந்து கழற்றி விற்பவர்கள் குட்டைப் பட்டையோடு அனுப்பிவிடுவார்கள். பெரிய பெட்டியில் அதைத் திருகி இறுக்க வழியில்லாமல் கார்டு ஆடிக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு 1650 என்று முடிவானது. அதிலும் ஒரு பொறி உண்டு. 1650 என்ற ஒரே பெயரில் பல கம்பெனிகள் கார்டு செய்தன. சிலவற்றில் வேகத்தைக் கூட்டி 6 பின் முனை வைத்துவிட்டார்கள். 1650 சூப்பர் என்பது 100 வாட் கேட்கும் வேறு கார்டு. விளம்பரப் படத்தில் கார்டின் மேல் விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும். அந்த விளிம்பு தெரியும் படம் இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்று பேரிடம் படம் கேட்டுவிட்டாள். ஒருவர்தான் அனுப்பினார். அவரிடமே 370 வெள்ளிக்கு வாங்கினோம்.

மூன்று பேரில் ஒருவர்தான் அனுப்பினார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறை முடிவுக்கு வந்தபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. ஆர்எக்ஸ் 580 இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மைனிங்கில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை ஒதுக்க மாட்டேன், விசிறி தேய்ந்திருக்கும், அதை மாற்றலாம். மோசடி வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் 1050 டிஐ என்று வாங்கினார். கணினியிலும் அப்படித்தான் பெயர் காட்டியது. ஆனால் உள்ளே இருந்தது பல வருடம் பழைய சிப். அதன் பயோஸில் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால், இப்படிப்பட்ட பல போலிகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று போட்டுவிடும். கார்டு வந்த அன்றே ஓட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு ஓட்டிப் புண்ணியமில்லை. விற்றவர் வியாபாரியாக இருந்து, பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்குப் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை, "போனா போவுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

கார்டு வருவதற்குள் அவள் இன்னொரு பெட்டியைக் காட்டினாள். நவம்பர் மலிவு விற்பனையில் வாங்கி வைத்திருந்த 1 டிபி எம்.2 எஸ்எஸ்டி. இசட்420இல் எம்.2 செருகும் இடமே கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடும் அடாப்டர் கார்டு ஒன்று வேண்டும். இருபது, முப்பது வெள்ளிதான். அதற்கு முன் எஸ்எஸ்டியின் தாளைப் படிக்கச் சொன்னேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிகளில் என்விஎம்இ ஒரு ரகம், சாட்டா இன்னொரு ரகம். இந்த அடாப்டரில் என்விஎம்இ மட்டும்தான் ஓடும். நல்லவேளையாக அவளுடையது அதுதான்.

"இதுல விண்டோஸ் போட்டா ராக்கெட் மாதிரி ஓடுமில்ல?"

ஓடாது. இந்தப் பெட்டியின் பயோஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் ஓட ஆரம்பித்த பிறகு அந்த எஸ்எஸ்டி தெரியும், ஆனால் அதிலிருந்து கணினியைத் துவக்க முடியாது. இணையத்தில் இதற்குச் சுற்று வழிகள் சொல்வார்கள், யுஎஸ்பியில் ஒரு துவக்கியை வைத்து அதிலிருந்து தாவுவது போன்றவை. பொழுதுபோக்குக்குச் செய்யலாம். முன்பணம் வாங்கிய வேலை கிடக்கும் கணினியில் நான் செய்ய மாட்டேன். விண்டோஸ் பழையபடி சாட்டா எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும், கல்யாண வீடியோக் கோப்புகள் மட்டும் புதியதில் இருக்கட்டும் என்று பிரித்தோம். எடிட்டிங்கில் நேரம் போவது பெரும்பாலும் அந்தக் கோப்புகளைப் படிப்பதில்தான்.

அடாப்டரை எந்த ஸ்லாட்டில் போடுவது என்பதிலும் கணக்கு உண்டு. இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் ஒரு தடத்துக்கு விநாடிக்கு 500 எம்பி. ஒற்றைத் தடம் உள்ள ஸ்லாட்டில் போட்டால், காசு கொடுத்து வாங்கிய என்விஎம்இ, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியைவிட மெதுவாகிவிடும். நான்கு தடம் உள்ள இடத்தில் போட்டால் 2,000 எம்பிவரை போகலாம். அதே நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் தடிமனையும் பார்க்க வேண்டும். விசிறியோடு சேர்த்து அது இரண்டு ஸ்லாட் இடத்தை அடைத்துக்கொள்ளும், அடுத்த ஸ்லாட் சும்மா மூடிக் கிடக்கும். நாங்கள் கார்டு வந்த பிறகே அடாப்டரின் இடத்தை முடிவு செய்தோம்.

2009இல் வந்த எச்பி இசட்400 போன்ற இன்னும் பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் யுஎஸ்பி 3 கிடையாது. ஒரு யுஎஸ்பி 3 கார்டு போட்டுக்கொள்ளலாம், ஒற்றைத் தட ஸ்லாட்டே போதும், கேமரா கார்டிலிருந்து வீடியோ இறக்கும் நேரம் நன்றாகக் குறையும். ஆனால் அதற்கு மேல் அந்தப் பெட்டியில் காசு கொட்டாதீர்கள். அந்தக் கால சியோன்களில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இல்லை, அது இல்லாமல் துவங்கவே மறுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. எந்தக் கார்டும் அதைச் சரி செய்யாது.

அத்தான் அதுவரை பேசாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பார்த்துப் பார்த்து இதுக்குச் செலவு பண்றதுக்கு, புதுசா ஒன்னு வாங்கினா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தம் 2026 அக்டோபர் வரை நீளும். இந்தப் பிராசசருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்தப் பெட்டிக்கு ஆயுள் கொஞ்சம்தான் என்பதை மறைத்து நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. அதனால்தான் இதற்கு மட்டும் பொருந்தும் பவர் சப்ளைக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றேன். 1650உம் அந்த எஸ்எஸ்டியும் நாளை வாங்கப்போகும் கணினிக்குக் கூடவே போகும். இங்கே மாட்டிக்கொண்டு நிற்பது முப்பது வெள்ளி அடாப்டர் ஒன்றுதான். புதிய கணினிக்கான பணத்தை இந்த இரண்டு கல்யாணங்கள் கொண்டு வரட்டும். அத்தான் தலையாட்டிவிட்டு, கோப்பியை முடித்தார்.

வியாழக்கிழமை கார்டு வந்தது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து அவள் கைப்பேசியில் பதிவு செய்தாள். பழைய டிரைவரை நீக்கி, கார்டை மாற்றி, ஜிபியு-இசட் ஓட்டினோம், உண்மையான 1650தான். அரை மணி நேரம் வீடியோவை ஓட்டவிட்டுச் சூடு பார்த்தோம். தாலி கட்டும் காட்சி இந்த முறை முழுதாக ஓடியது. அக்காள் சமையலறையிலிருந்து வந்து நின்று பார்த்துவிட்டு, "இது யாரு பொண்ணு?" என்று கேட்டாள்.

கழற்றிய குவாட்ரோ 600ஐ அவள் குப்பையில் போடப் போனாள். தடுத்தேன். இந்தச் சியோன் பிராசசரில் படம் காட்டும் பகுதி கிடையாது, கார்டு இல்லையென்றால் திரை கறுப்புதான். புதிய கார்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கோளாறு கார்டிலா பெட்டியிலா என்று கண்டுபிடிக்கக்கூட இன்னொரு கார்டு வேண்டும். இப்போது அது ஒரு பிஸ்கட் டின்னுக்குள், பழைய தகரப் பட்டைகளோடும் திருகாணிகளோடும் அவள் மேசைக்கு அடியில் இருக்கிறது.